குடல் எழுதும் கொலஸ்ட்ரால் கணக்கு

திங்கட்கிழமை காலையில் வரும் இரத்தப் பரிசோதனைக் குழாய்களில் ஒன்றிரண்டு மற்றவை மாதிரி இருக்காது. சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழற்றும் இயந்திரத்தில் பத்து நிமிடம் சுற்றி எடுத்தால் சிவப்பணுக்கள் அடியில் படிந்து, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த சீரம் நிற்க வேண்டும். இந்த ஒன்றிரண்டில் மேலே நிற்பது அரிசி கழுவிய தண்ணீர்போல வெளுத்துக் கலங்கியிருக்கும். சில சமயம் நீர்மோர் அளவுக்கே வெளுப்பு. "வெறும் வயிற்றில்தானே வந்தீங்க?" என்று கேட்டால், கொஞ்சம் தயங்கிவிட்டு உண்மையைச் சொல்வார்கள். நேற்று வீட்டில் விசேஷம், ஆம்பூரிலிருந்து பிரியாணி அண்டா வந்தது, மிச்சம் இருந்ததைக் காலையில் சுடவைத்து இரண்டு வாய் போட்டுக்கொண்டு வந்தோம் என்று.

வேலூரில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் எனக்கு அந்த வெண்மை பழகிப்போன காட்சி. ஆனாலும் ஒவ்வொரு முறையும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஏனென்றால் அது குடல் கட்டி அனுப்பிய சரக்கு. கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை கண்ணுக்குத் தெரிகிற அபூர்வமான இடம் அது.

இதை எழுதத் தூண்டியவர் ஒரு பெரியவர். தோல் ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர் கவுண்டரை விட்டு நகரவில்லை. "இன்னாம்மா இது, முட்டையத் தொட்டு ரெண்டு வருசம் ஆவுது. கறி வாங்கறதையே வுட்டாச்சு. இது மட்டும் எறங்கவே மாட்டேங்குதே. நான் துன்னாத கொழுப்பு எங்கேர்ந்துமா வருது?"

"ஐயா, அதை உங்க உடம்பே செய்யுது" என்று ஒரு வரியில் சொன்னேன். அவருக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை. கொலஸ்ட்ரால் என்றதும் நாம் வாயைத்தான் காவல் காக்கிறோம். வரவும் செலவும் எழுதப்படுவது அதற்குக் கீழே, ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில். கல்லீரலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். குடலுக்கு அந்தக் கணக்கில் எவ்வளவு பெரிய கை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

முதலில் வரவைப் பார்ப்போம். அசைவம் சாப்பிடுகிறவரின் தட்டிலிருந்து நாளுக்கு ஏறக்குறைய 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உள்ளே போகும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முட்டை மஞ்சளில் மட்டும் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் அதே குடலுக்குள் கல்லீரல் பித்தநீர் வழியாக இறக்குவது நாளுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம். போதாததற்குக் குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை முழுதாக உரிந்து புதுப்பிக்கப்படுகிறது. அந்தப் பழைய செல்களின் சவ்வுகளில் இருக்கும் கொலஸ்ட்ராலும் சேர்ந்து விழுகிறது. குடலுக்குள் மிதக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நம் உடம்பினுடையதே. பெரியவர் முட்டையை நிறுத்தியபோது நிறுத்தியது சிறிய ஓடையை. பெரிய வாய்க்கால் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இத்தனையும் அப்படியே இரத்தத்தில் ஏறிவிடுமா என்றால், இல்லை. சராசரியாகப் பாதிதான் ஏறும். அந்தப் "பாதி" ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் கால்பங்கு, சிலருக்கு முக்கால்பங்குக்கும் மேல். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடும் அண்ணனுக்கும் தம்பிக்கும் ரிப்போர்ட் வேறுவேறாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்கு வந்துவிடுகிறேன். போட்டி சுத்தம் செய்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆட்டுக்குடலை வெந்நீரில் போட்டு, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, குச்சியால் உள்புறம் வெளிப்புறமாகத் திருப்புவோம் அல்லவா, அப்போது விரலில் படுவது வழவழப்பான தோல் இல்லை. வெல்வெட் துணியைத் தடவுகிற மாதிரி மெத்தென்று இருக்கும். அந்த மெத்தெனும் ஒவ்வொரு இழையும் ஒரு குடலுறிஞ்சி. நம் குடலும் அப்படித்தான். ஒவ்வொரு உறிஞ்சியின் மேலும் ஆயிரக்கணக்கான செல்கள். ஒவ்வொரு செல்லின் முகப்பிலும் தூரிகை மயிர் மாதிரி இன்னும் நுண்ணிய நீட்டல்கள். கொலஸ்ட்ராலின் போக்குவரத்து நடப்பது அந்த முகப்பில்தான்.

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் குடலிலும் ஆகும். அங்கே சீயக்காய் வேலையைச் செய்வது பித்த அமிலங்கள். அவை கொலஸ்ட்ராலை மிக நுண்ணிய உருண்டைகளாகச் சுற்றி, செல்லின் முகப்புவரை கொண்டு சேர்க்கின்றன. அங்கே ஒரு புரதம் காத்திருக்கிறது. அதன் பெயர் என்பிசி1எல்1. பள்ளிகொண்டா டோல்கேட்டில் தடுப்புக் கட்டையைத் தூக்கி வண்டியை விடுகிற ஆள் மாதிரி அது. அது பிடித்து உள்ளே இழுத்தால்தான் கொலஸ்ட்ரால் செல்லுக்குள் போகும்.

இந்தப் புரதம் கண்டுபிடிக்கப்பட்ட கதை எனக்கு மிகவும் பிடிக்கும். குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெட்டிமைப் மாத்திரை 2002லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. அது எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 2004ல்தான் அது என்பிசி1எல்1 என்று வெளிவந்தது. பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரியும் முன்பே சாவி கையில் கிடைத்துவிட்டது.

உள்ளே வந்த எல்லாவற்றையும் செல் வைத்துக்கொள்வதில்லை. அதே முகப்பில் வெளியே தள்ளுகிற இன்னொரு ஜோடிப் புரதங்கள் உண்டு. ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்று பெயர். இவற்றின் முக்கிய வேலை தாவரங்களில் உள்ள கொலஸ்ட்ரால் மாதிரியான பொருட்களை அடையாளம் கண்டு திருப்பி அனுப்புவது. மல்லாக்கொட்டையிலும் நல்லெண்ணெயிலும் பருப்பிலும் கொலஸ்ட்ரால் அறவே இல்லை என்று சொல்லலாம். அதன் தாவரச் சொந்தக்காரர்களான ஸ்டீரால்கள் இருக்கின்றன. அமைப்பில் ஒரு சிறிய கிளை மட்டும்தான் வித்தியாசம். அந்தச் சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் குடல் அவற்றில் நூற்றுக்கு ஐந்துகூட உடம்புக்குள் விடுவதில்லை. இந்த ஜோடி பிறவியிலேயே பழுதானவர்களுக்குத் தாவர ஸ்டீரால் இரத்தத்தில் சேர்ந்து தசைநாண்களில் மஞ்சள் கட்டிகளாகப் படியும். 1974ல் இரண்டு சகோதரிகளிடம் இந்த நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிய எழுத்தில் அச்சடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். எந்தக் கடலை எண்ணெயிலும் அது இருந்ததே இல்லை. அந்த வரியை நம்பி வாணலியில் தாராளமாக ஊற்றுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம்.

தாண்டி உள்ளே வந்த கொலஸ்ட்ராலைக் குடல் செல் மூட்டை கட்டுகிறது. உணவிலிருந்து வந்த கொழுப்பை நடுவில் வைத்து, கொலஸ்ட்ராலையும் சேர்த்து, அபோபி48 என்ற புரதத்தைக் கயிறாகச் சுற்றிக் கட்டும் இந்த மூட்டைதான் கைலோமைக்ரான். அது நேரே இரத்தத்தில் இறங்குவதில்லை. நிணநீர்க் குழாயில் ஏறி, நெஞ்சுக்குள் மேலே போய், இடப்பக்கக் கழுத்தடியில் பெரிய சிரையில் கலக்கிறது. 1622ல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி, சாப்பிட்டு முடித்திருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெள்ளை நூல்கள் ஓடுவதைக் கண்டார். நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்டினார். பால் மாதிரி வழிந்தது. நான் திங்கட்கிழமை காலையில் குழாயில் பார்ப்பது அதே பால்தான், இரத்தத்தில் கலந்த பிறகு. சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் அது உச்சத்துக்கு வரும். ஒன்பது, பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு என்று கேட்பது அது வடிந்துபோகட்டும் என்பதற்காக. கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எல்டிஎல்லைப் பல கூடங்களில் நேராக அளப்பதில்லை. 1972ல் ஃப்ரீடுவால்டு கொடுத்த சூத்திரத்தில், இந்த மூட்டைகளில் நிறைந்திருக்கும் கொழுப்பான டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்துக் கழித்துக் கணக்கிடுகிறோம். டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு உதவாது. ஆகவே பிரியாணியை மறைக்காதீர்கள்.

இதுவரை வரத்து. பெரியவருடைய கேள்வி உற்பத்தியைப் பற்றியது.

குடல் செல் கொலஸ்ட்ராலைத் தானும் செய்கிறது. கல்லீரலுக்கு அடுத்து முக்கியமான உற்பத்தி இடங்களில் குடலும் ஒன்று. ஜான் டீட்ஷி 1971ல், மனிதக் குடலின் திசுவே கொலஸ்ட்ரால் தயாரிக்கிறது என்பதையும் இடத்துக்கு இடம் அந்த அளவு மாறுகிறது என்பதையும் வெளியிட்டார். ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டால், சில நாட்களுக்கு ஒருமுறை முழு உள்தோலையும் புதிதாக நெய்கிற தறி அது. ஒவ்வொரு புதிய செல்லுக்கும் சவ்வு வேண்டும். சவ்வுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். தட்டில் வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

மூலப்பொருள் என்ன என்பதுதான் பெரியவர் கேட்டதற்கு நேரான விடை. அசிட்டைல் கோ-ஏ என்ற இரண்டு கார்பன் துண்டு. எண்ணெயிலிருந்தும் வரும். சோற்றிலிருந்தும் வரும், டீயில் போட்ட சர்க்கரையிலிருந்தும் வரும். அப்படிப் பதினெட்டுத் துண்டுகளை எடுத்து, ஏறக்குறைய முப்பது படிகளில், 27 கார்பன் கொண்ட ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறு கட்டப்படுகிறது. ஆரம்பத்திலேயே வரும் ஒரு படியில் எச்எம்ஜி கோ-ஏ ரிடக்டேஸ் என்ற நொதி நின்று வேகத்தைத் தீர்மானிக்கிறது. 1970களில் ஜப்பானில் அகிரா எண்டோ ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த பொருள் இந்த நொதியைத்தான் அடைத்தது. இன்று மருந்துக்கடையில் ஸ்டேடின் என்று வாங்குகிற மாத்திரைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

செல்லுக்கு எப்போது செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும்? மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து வால்வை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்கினால் பந்து இறங்கி வால்வு திறக்கும், ஏறினால் மூடும். செல்லுக்குள் ஒரு சவ்வில் எஸ்ஆர்ஈபிபி2 என்ற புரதம் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. சவ்வில் கொலஸ்ட்ரால் குறைந்தால் கட்டு அவிழும். அது வெட்டப்பட்டு உட்கருவுக்குப் போய், உற்பத்தி நொதியையும் இரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடிக்கும் வாங்கிகளையும் கூட்டச் சொல்லும். கொலஸ்ட்ரால் நிறைந்தால் கட்டு அவிழாது. அப்போது வெளியே தள்ளுகிற அந்த ஜோடிப் புரதங்கள் கூடும். எல்டிஎல் வாங்கிகளைக் கண்டறிந்ததற்காக மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டீனும் 1985ல் நோபல் பெற்றார்கள்.

இதனால் உறிஞ்சுவதும் உற்பத்தி செய்வதும் ஏற்றமரத்தின் இரு முனைகள் ஆகிவிடுகின்றன. எஸெட்டிமைப் கொடுத்து உறிஞ்சலைப் பாதியாகக் குறைத்தால் உடம்பு உற்பத்தியைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். ஸ்டேடின் கொடுத்து உற்பத்தியைக் குறைத்தால் உறிஞ்சல் சற்றுக் கூடும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது பலன் கூடுவது அதனால்தான்.

இந்த ஏற்றமரம் எவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கும் என்பதற்கு ஒரு மனிதர் சாட்சி. 1991ல் ஃப்ரெட் கெர்ன் என்ற அமெரிக்க மருத்துவர், நாளுக்கு 25 முட்டை சாப்பிடும் 88 வயதுப் பெரியவரைப் பற்றி எழுதினார். குறைந்தது பதினைந்து ஆண்டுகளாக அதே பழக்கம். நாளுக்குக் கிட்டத்தட்ட 5 கிராம் கொலஸ்ட்ரால். அவருடைய இரத்தத்தில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே இருந்தது. அளந்து பார்த்தபோது அவருடைய குடல் 18 சதவீதத்தைத்தான் உள்ளே விட்டது. ஒப்பிட்டுப் பார்த்த மற்றவர்கள் 55 சதவீதம் அளவுக்கு உறிஞ்சினார்கள். போதாததற்கு அவருடைய கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றும் வேகத்தையும் கூட்டியிருந்தது. எல்லோருக்கும் அந்தக் குடல் வாய்க்காது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் முட்டைத் தட்டைத் தூக்க வேண்டாம். ஆனால் பெரியவருடைய இரண்டு வருடத் தவம் ஏன் பலிக்கவில்லை என்பது இதிலிருந்து தெரியும்.

இனி செலவு. கணக்கின் இந்தப் பக்கம்தான் குறைவாகப் பேசப்படுகிறது. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது.

சர்க்கரையை உடம்பு எரித்துவிடும். கொழுப்பையும் எரிக்கும். கொலஸ்ட்ராலின் நான்கு வளையக் கூட்டை உடைக்க நம்மிடம் ஒரு நொதியும் இல்லை. அது பெருமளவு வெளியேற ஒரே வழி மலம். ஒன்று கொலஸ்ட்ராலாகவே போக வேண்டும், இல்லையென்றால் கல்லீரல் அதைப் பித்த அமிலமாக மாற்றிய பிறகு போக வேண்டும். உடம்போ பித்த அமிலத்தை வீணாக்குவதே இல்லை. மொத்தக் கையிருப்பு இரண்டிலிருந்து நான்கு கிராம்தான். அதையே நாளுக்குப் பலமுறை குடலில் விட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தில் 95 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. தப்பிப் போகிற அந்த ஐந்து சதவீதத்தை ஈடுகட்டத்தான் கல்லீரல் தினமும் கொலஸ்ட்ராலைச் செலவழிக்கிறது. போதுமான அளவு திரும்பி வந்துவிட்டால் இலியமே எஃப்ஜிஎஃப்19 என்ற ஹார்மோனைக் கல்லீரலுக்கு அனுப்பி, "இனிச் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிடும். குடல் கல்லீரலுக்கு உத்தரவு போடுகிறது என்பதை முதன்முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இலியம் வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரே பாடம் நடத்தியிருக்கிறது. 1960களில் வடஆற்காடு கிராமங்களில் நாள்பட்ட வயிற்றுப்போக்கு கொத்துக்கொத்தாக வந்தது. உடம்பு இளைத்து, நாக்கு வழுவழுத்து, இரத்தம் வற்றி, மலத்தில் கொழுப்பு மிதந்தது. ட்ராபிக்கல் ஸ்ப்ரூ என்ற அந்த நோயை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ.மாத்தனும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். நோயில்லாத கிராமத்து மக்களின் குடலுறிஞ்சிகள்கூட மேலை நாட்டவருடையதைவிடக் குட்டையாக இருப்பதையும் அங்கேதான் கவனித்தார்கள். ஸ்ப்ரூ இலியத்தையும் தாக்கும். வைட்டமின் பி12 அங்கேதான் உறிஞ்சப்படும், பித்த அமிலமும் அங்கேதான். இரண்டும் சேர்ந்து போகும். உறிஞ்சல் கெட்டவர்களுக்கு இரத்தக் கொலஸ்ட்ரால் தாழ்ந்து கிடப்பது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. அறுபது வருடத்துக்கு முன் இந்த மாவட்டம் குடல் எதையும் உள்ளே விடவில்லையே என்று அழுதது. கணியம்பாடி ஒன்றியத்திலும் வேலூர் நகரத்திலும் 1991-94லும் பிறகு 2010-12லும் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டால் எடையும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறிப்போயிருக்கின்றன.

இலியத்தை வேண்டுமென்றே விலக்கிவிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மின்னசோட்டாவில் ஹென்றி புக்வால்டு குழுவினர், மாரடைப்பு வந்து பிழைத்த 838 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இலியத்தின் ஒரு பகுதியைத் தவிர்த்துக் குடலை இணைத்தார்கள். 1990ல் முடிவு வந்தது. எல்டிஎல் 38 சதவீதம் இறங்கியிருந்தது. மாத்திரைகள் வந்த பிறகு அந்த அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. ஆனால் குடலின் கடைக்கோடி இரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ரால் அளவை எவ்வளவு ஆளுகிறது என்பதற்கு அதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

கத்தியில்லாமல் அதே வேலையைச் சிறிய அளவில் செய்வது கரையும் நார்ச்சத்து. வெந்தயம் ஊறவைத்த தண்ணீரில் விரலை விட்டால் கொழகொழவென்று ஒட்டுமே, அந்தக் கொழகொழப்பு. வெண்டைக்காயிலும் கொத்தவரங்காய் விதையிலும் ஓட்ஸிலும் இசப்கோலிலும் அதுதான் இருக்கிறது. பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு இலியத்தைத் தாண்டிப் போய்விடும். கல்லீரல் புதிதாகச் செய்யக் கொலஸ்ட்ராலை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். ஓட்ஸின் பீட்டா குளுக்கான் நாளுக்கு 3 கிராம் போனால் எல்டிஎல் ஐந்து சதவீதம் அளவுக்கு இறங்கும். பெரிய எண் இல்லை, ஆனால் உண்மையான எண். கேழ்வரகுக் களியில் நார் நிறைய உண்டு என்பது சரி, அதில் பெரும்பகுதி கரையாத நார். அது வேறு வகையில் நல்லது, இந்த வேலைக்கு அவ்வளவு உதவாது.

பெருங்குடலுக்கு வந்து சேர்ந்த கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியை அங்குள்ள பாக்டீரியாக்கள் கோப்ரோஸ்டனால் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. அந்த வடிவில் அது திரும்ப உறிஞ்சப்படுவது அபூர்வம். ஆற்றுச் சேற்றில் மனிதக் கழிவு கலந்திருக்கிறதா என்று சோதிப்பவர்கள் தேடுவது இந்தப் பொருளைத்தான். பழைய குடியிருப்புகளைத் தோண்டும் தொல்லியலாளர்களும் மண்ணில் இதையே தேடுகிறார்கள்.

பெரியவர் அடுத்த மாதம் மறுபடி வந்தார். இந்த முறை நான் அவரை உட்காரவைத்து, நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். காலையில் டீக்கடையில் வெண்ணெய் பிஸ்கட் நாலு. பதினொரு மணிக்கு வடை, அதுவும் பலமுறை காய்ந்த எண்ணெயில். சாயங்காலம் பேக்கரியில் பஃப்ஸ். கொலஸ்ட்ரால் அவற்றில் கொஞ்சம்தான். இருப்பது பாமாயிலும் வனஸ்பதியும். அவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு கல்லீரலில் எல்டிஎல் வாங்கிகளைக் குறைத்துவிடும், குடல் ஒழுங்காக எழுதிய கணக்கும் இரத்தத்தில் தேங்கிவிடும். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும், எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்தியாவில் சட்டம் இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்புக்கு அப்படி ஒரு கட்டு இல்லை.

"அப்போ எனக்கு உறிஞ்சறது ஜாஸ்தியா, செய்யறது ஜாஸ்தியாம்மா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இரத்தத்தில் லேத்தோஸ்டீரால் என்ற பொருள் உற்பத்தியையும் கேம்பஸ்டீரால் உறிஞ்சலையும் காட்டும். ஆராய்ச்சிக்கூடங்களில் அளக்கிறார்கள். எங்கள் கவுண்டரில் கொடுக்கும் ரிப்போர்ட்டில் அந்த வரி கிடையாது. மொத்தம், நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்லப்படும் எச்டிஎல், எல்டிஎல், டிரைகிளிசரைடு என்று கூட்டிய எண்கள்தான். ஸ்டேடின் முழு அளவில் கொடுத்தும் இறங்காதவருக்கு எஸெட்டிமைப் சேர்த்துப் பார்ப்பது மருத்துவர்களின் வழக்கம். அதில் நன்றாக இறங்கினால் அவருடைய குடலின் குணம் ஓரளவு தெரிந்துவிடும். அதை அவர் ரிப்போர்ட்டின் பின்பக்கம், டாக்டரிடம் காட்டுவதற்காக, தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.